அவுட்ரீச் மெயில்களை எந்த நேரத்தில் அனுப்பினால் ஸ்பேமில் விழாமல் இன்பாக்ஸில் சேரும்?

முன்பின் தெரியாதவர்களுக்கு அறிமுக மெயில் அனுப்புகிறீர்கள். காலை 9 மணியா, மாலையா, வாரத்தில் எந்தக் கிழமை, பதில் வராதவர்களுக்கு மறுபடி அனுப்பும் ஃபாலோ-அப் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடங்களாக இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன். என் பதில்: மணி என்ன என்பதை மெயில் சர்வர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒரு மெயிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், நேற்று எத்தனை அனுப்பினீர்கள், இன்றைக்குத் திடீரென்று எத்தனை அனுப்புகிறீர்கள் என்பதைத்தான் கவனிக்கின்றன.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. புது டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) வாங்கிய மூன்றாவது நாள், செவ்வாய்க்கிழமை காலை சரியாக 10 மணிக்கு 300 மெயில்களை ஒரே மூச்சில் அனுப்பினேன். அதுதான் நல்ல நேரம் என்று எங்கேயோ படித்திருந்தேன். முதலில் கொஞ்சம் போயின. அப்புறம் அனுப்பியதைப் பதிவு செய்யும் லாகில், பெறும் சர்வரின் பதில் எண் வரிசையாக 421, 421 என்று விழ ஆரம்பித்தது. மெயில் போகவில்லை என்று நினைத்து மீதிப் பட்டியலை மறுபடியும் அனுப்பினேன். மாலைக்குள் பலருக்கு ஒரே மெயில் இரண்டு முறை போய்ச் சேர்ந்திருந்தது. எரிச்சலில் சிலர் ஸ்பேம் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். அடுத்த சில வாரங்களுக்கு, நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிய மெயில்கூட ஸ்பேம் ஃபோல்டரில்தான் போய் விழுந்தது.

அந்த 421-இன் பொருள் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. 5-இல் தொடங்கும் எண் வந்தால் முடிவான மறுப்பு. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று வந்தால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். 4-இல் தொடங்கினால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று அர்த்தம். அந்த மெயில் தொலைந்துபோவதில்லை. நம் பக்கத்து சர்வர் அதை வரிசையில் வைத்திருந்து தானாகவே திரும்ப முயலும். இரண்டு முயற்சிகளுக்கு நடுவில் குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும், 4, 5 நாளாவது கைவிடக் கூடாது என்பது மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி விதிமுறையிலேயே இருக்கிறது. சில சர்வர்கள் முன்பின் தெரியாத சர்வரிலிருந்து வரும் மெயிலை வேண்டுமென்றே முதல் தடவை திருப்பி அனுப்பும். இதற்கு கிரேலிஸ்டிங் என்று பெயர். ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் வராது என்ற கணக்கு. அதனால் நீங்கள் 10 மணிக்கு அனுப்பியது 10:40-க்குப் போய்ச் சேரலாம். நிமிடக் கணக்குப் பார்த்து அனுப்புவதில் அர்த்தமே இல்லை.

சரி, வேகத்தை எப்படி வைத்துக்கொள்வது? புது டொமைன் என்றால் முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் நான் போவதில்லை. அதிலும் பதில் போடக்கூடிய ஆட்களுக்குத்தான் முதலில். பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுவேன். ஒரு நாள் 200, அடுத்த மூன்று நாள் ஒன்றுமில்லை, மறுபடி 200 என்று போவதைவிட தினம் 40 என்று ஒரே சீராகப் போவது எவ்வளவோ மேல். சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளைக்கு 500, கூகுளின் கட்டணச் சேவையான ஒர்க்ஸ்பேஸ் கணக்கில் 2000 என்று வரம்பு இருக்கிறதே என்பார்கள். அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் வரம்பு. அத்தனையும் இன்பாக்ஸில் சேரும் என்ற உறுதி அதில் இல்லை.

மெயில்களுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், அதுவும் ஒரே அளவாக இல்லாமல். மணி அடித்ததும் அனுப்பாதீர்கள். உலகத்தில் பாதிப் பேர் 9:00, 10:00 என்றுதான் ஷெட்யூல் செய்கிறார்கள். அந்த நிமிடத்தில் எல்லா சர்வர் வாசலிலும் நெரிசல். 9:17 என்று வைத்தால் எந்த நஷ்டமும் இல்லை.

மணிக்கு மதிப்பு இருப்பது ஒரே ஓர் இடத்தில்: பெறுகிறவர் விழித்திருந்து வேலையில் இருக்கும் நேரம். அதுவும் அவருடைய ஊர் நேரம், நம்முடையது அல்ல. அப்போது வந்த மெயிலுக்கு ரிப்ளை வர வாய்ப்பு அதிகம், ரிப்ளை வந்தால் சர்வர்களிடம் நம் நற்பெயரும் வளரும். வார விடுமுறை முடிந்த காலையில் குவிந்து கிடக்கும் மெயில்களைப் படிக்காமலே மொத்தமாக அழிப்பார்கள். அந்த நேரத்தை நான் தவிர்த்துவிடுவேன். ‘எந்த நேரத்தில் அதிகம் திறந்தார்கள்’ என்ற புள்ளிவிவரத்தை மட்டும் நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் மெயில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்ததிலிருந்து, அதை இயக்கியவர்களுக்குப் போகும் மெயில்களின் படங்கள் ஆள் படிக்காமலே தரவிறங்கிவிடும். படம் தரவிறங்குவதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள் என்பதால், கணக்கில் ‘திறந்தார்’ என்று விழும். நான் ரிப்ளையை மட்டும்தான் எண்ணுகிறேன்.

இதெல்லாம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) மூன்றும் சரியாக இருந்தால்தான் பலன் தரும். 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு (ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 5000 அல்லது அதற்கு மேல்) ஜிமெயிலும் யாகூவும் இந்த மூன்றையும் கட்டாயமாக்கின. குறைவாக அனுப்பினாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது கூகுள். 100 பேருக்கு அனுப்பி ஒருவர் அழுத்தினாலே 1 சதவீதம் ஆகிவிடுகிறது. சிறிய அளவில் அனுப்பும் நம்மைப் போன்றவர்கள் யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

ஃபாலோ-அப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் மெயிலுக்குப் பிறகு நான்கைந்து வேலை நாள் விட்டு ஒன்று, அதற்கு ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதோடு நிறுத்திவிடுவேன். தினசரி எண்ணிக்கையில் இந்த ஃபாலோ-அப்களும் சேரும். பலர் இதை மறந்துவிட்டு, இரண்டாவது வாரத்தில் தங்களுக்கே தெரியாமல் இரண்டு மடங்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.