வந்தது 26 மிதவை, கையெழுத்து 40-க்கா?

கேள்வி: பாம்பன் பக்கம் கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழுவுக்கு நான் செயலாளர். வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு 40 மூங்கில் மிதவை தருவதாகச் சொன்னது. 26தான் வந்தது. இப்போது, “ஆடிட் வருது, 40 வாங்கினதாகக் கையெழுத்துப் போடுங்க, மீதி பிறகு வரும்” என்கிறார்கள். “ஆடிட்டர் வந்தால் எண்ணிப் பார்க்காமலா போவார், நமக்கென்ன” என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. ஆடிட்டர் கடலில் இறங்கி எண்ணுவார் என்று நம்பியும் இருக்காதீர்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனம் 2010-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் வந்து விழ வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், பட்டயக் கணக்காளர் சான்றளித்த கணக்கை மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கணக்காளரை அமர்த்துவதும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே நிறுவனம்தான். அவர் பார்ப்பது பில், வவுச்சர், வங்கிக் கணக்கு, பயனாளியின் கையெழுத்து. நாலும் பொருந்தினால் அவர் வேலை முடிந்தது. நிதி கொடுத்த வெளிநாட்டு அமைப்பு தனியாக ஒருவரை அனுப்பினாலும், அவரும் சில ஊர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத்தான் பார்ப்பார். ஆக, 14 மிதவை வரவில்லை என்பது தெரியக்கூடிய ஒரே இடம் உங்கள் கையெழுத்து. அதையும் கொடுத்துவிட்டால் அப்புறம் ஏட்டில் 40 மிதவையும் மிதக்கும்.

அப்படியே அவர் கரைக்கு வந்தாலும் காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது வடகடலில் எத்தனை மிதவை நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் வந்து பார்ப்பவரிடம் “காற்றில் போய்விட்டது” என்று நிறுவனத்தார் சொல்லி, வராத 14-ஐயும் அந்தக் கணக்கிலேயே கழித்துவிட முடியும். அதனால் உங்கள் நோட்டில் வந்த தேதி, எண்ணிக்கை, உடைந்த தேதி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்.

நல்ல ஆடிட்டர் என்றால் விதைப்பாசியை, அதாவது வளர்ப்பதற்காக மிதவைக் கயிற்றில் கட்டும் பாசித் துண்டுகளை, எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பார். 12 அடிக்கு 12 அடி மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்குச் சுமார் 150 கிராம். ஒரு மிதவைக்கு 60 கிலோ. 40 மிதவைக்கு 2,400 கிலோ வேண்டும், 26-க்கு 1,560 போதும். விதை வாங்கிய பில், 45 நாள் கழித்துப் பாசி விற்ற சீட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொய் தானே வெளியே வந்துவிடும். அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் நிறுவனத்திடமே கேளுங்கள். மீதி இரண்டாம் தவணையில் வரலாம், மூங்கில் விலை ஏறியதால் எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். அப்படியானால் அதை எழுதித் தருவதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. “சென்னையில் இன்னொரு டிரஸ்ட் பணம் அனுப்பவில்லை” என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன 2010 சட்டத்துக்கு 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கைமாற்றவே கூடாது. நிர்வாகச் செலவுக்கு எடுப்பதும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று, அந்த 26-இல் மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வந்த மிதவை ஏதும் கலந்திருக்கிறதா? அது இந்திய அரசுப் பணம். ஒரே மிதவையைக் காலையில் மீன்வளத் துறைக்கும் மாலையில் நன்கொடையாளருக்கும் காட்டுவது பழைய வித்தை. மூங்கிலில் பெயின்டால் எண் எழுதி வையுங்கள். அரசுத் திட்டமாக இருந்தால், அது உலக வங்கிக் கடனில் வந்ததானாலும், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் தொண்டு நிறுவனத்திடம் இந்த வழி பெரும்பாலும் செல்லாது. ஆனால் தணிக்கையான கணக்கை அவர்கள் இணையத்தில் வெளியிட்டாக வேண்டும், அதைக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த உதவி நிற்குமா என்பதுதான் உங்கள் குழுவின் பயம் என்று நினைக்கிறேன். நிற்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் தனியாக மறுக்காதீர்கள். குழுவைக் கூட்டித் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை ஸ்பீடு போஸ்டில் நிறுவனத்துக்கு அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் அதே நகலை நிதி கொடுத்த அமைப்புக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் அனுப்பலாம். சந்தேகம் வந்தால் தன் அதிகாரியை விட்டுக் கணக்கைப் பார்க்க அமைச்சகத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அவர்கள் நீட்டும் ரசீதில், “26 (இருபத்தாறு) மிதவைகள் மட்டும் பெற்றுக்கொண்டோம்” என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதி போடுங்கள். எழுத விடவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.