கேஷ் நிறைந்ததும் நகல் நிற்பது ஏன்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நிதி நிறுவனத்தின் கணக்குகள் அனைத்தும் கும்பகோணத்தில் ஒரு ஸ்டோரேஜில் (தரவைச் சேமித்து வைக்கும் டிஸ்க் அமைப்பில்) இருக்கின்றன. அவற்றின் நகல் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) லைன் வழியாகக் கோயம்புத்தூரில் உள்ள இன்னொரு ஸ்டோரேஜுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் வட்டி ஏற்றும் ஒரு மணி நேரத்தில், நொடிக்கு 40 எம்.பி. (மெகாபைட்) வரை எழுதப்படும்போது, ‘கேஷ் (அனுப்ப வேண்டிய தரவு தற்காலிகமாகத் தங்கும் வேகமான நினைவகம்) நிறைந்துவிட்டது’ என்ற அறிவிப்போடு நகலெடுப்பு நின்றுவிடுகிறது. நகலுக்கென்று 16 ஜி.பி. கேஷ் ஒதுக்கியிருக்கிறோம். அதை இரட்டிப்பாக்கினால் போதும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், உங்கள் லைன் முழு வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 12.5 எம்.பி.க்கு மேல் கொண்டுபோகாது. எழுதப்படுவது 40 எம்.பி. என்றால் ஒவ்வொரு நொடியும் 27.5 எம்.பி. தேங்குகிறது, 16 ஜி.பி. கேஷ் பத்து நிமிடத்துக்குள் நிறைந்துவிடும். 32 ஜி.பி. ஆக்கினால் இருபது நிமிடம் தாங்கும். உங்களுக்கு வேண்டியதோ ஒரு மணி நேரம். அதற்குள் தேங்குவது ஏறக்குறைய 99 ஜி.பி. ஆகவே விற்பனையாளர் சொல்லும் வழி நகல் நிற்கும் நேரத்தைத் தள்ளிப்போடுமே தவிர, நிற்காமல் காக்காது.

கேஷின் வேலை, வரத்துக்கும் போக்குக்கும் இடையிலுள்ள சிறிய ஏற்றத்தாழ்வைத் தாங்குவது. நீண்ட நேர வெள்ளத்தைத் தாங்க வேறொரு கொள்ளிடம் வேண்டும். நம் பகுதியில் ஆற்றில் மிகும் தண்ணீரைக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரியில் தேக்கி வைத்துப் பிறகு பயன்படுத்துகிறோம் அல்லவா, அதே ஏற்பாடு ஸ்டோரேஜிலும் உண்டு. கேஷ் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும், இன்னும் அனுப்பப்படாத தரவைச் சாதாரண டிஸ்க்கில் ஒதுக்கிய ஒரு பகுதிக்கு இறக்கி வைத்து, லைன் ஓய்வாகும்போது அங்கிருந்து எடுத்து அனுப்புவார்கள். இ.எம்.சி. நிறுவனம் தன் ஸ்டோரேஜ்களில் இதற்கு டெல்டா செட் எக்ஸ்டென்ஷன் என்று பெயர் வைத்தது; ஹிட்டாச்சியின் யுனிவர்சல் ரெப்ளிகேட்டர் தொடக்கத்திலிருந்தே ஜர்னல் என்னும் தனி வால்யூமில் (டிஸ்க்கில் பிரித்து ஒதுக்கிய பகுதியில்) தரவைத் தேக்கி அனுப்பும்படி அமைந்தது. உங்களிடம் இருக்கும் ஸ்டோரேஜில் இப்படியொரு வசதி இருக்கிறதா, அதற்கு உரிமம் தனியாக வாங்க வேண்டுமா என்பதையே விற்பனையாளரிடம் முதலில் கேளுங்கள். 99 ஜி.பி. கேஷின் விலையோடு ஒப்பிட்டால் 99 ஜி.பி. டிஸ்க்கின் விலை மிகச் சிறியது.

ஆனால் தண்ணீருக்கும் தரவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் அதுவே. எந்தத் துளி முதலில் வயலுக்கு வந்தது என்பது நெற்பயிருக்கு ஒரு பொருட்டில்லை. ஒரு கணக்கில் பற்று எழுதி, அதன் பிறகு இன்னொரு கணக்கில் வரவு எழுதியிருந்தால், அந்த வரிசை கோயம்புத்தூரிலும் மாறக்கூடாது. இதற்காகவே பல ஸ்டோரேஜ்கள் எழுத்துகளை, அதாவது எழுதப்படும் தரவை, சில நொடிகளுக்கு ஒரு சுற்றாகக் கட்டி அனுப்புகின்றன. மறுமுனையில் ஒரு சுற்று முழுவதும் வந்து சேர்ந்த பிறகே அது நகலில் ஏற்றப்படும். பாதி வந்த சுற்று ஏற்றப்படாது. டிஸ்க்கில் இறக்கி வைக்கும்போதும் இந்தச் சுற்றுகளின் வரிசை காக்கப்படுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுற்று முறையால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே சுற்றுக்குள் ஒரே இடம் ஐந்து முறை திருத்தி எழுதப்பட்டால் கடைசியாக எழுதியதை மட்டும் அனுப்பினால் போதும். வட்டி ஏற்றும் நிரல் சில அட்டவணைப் பகுதிகளைத் திரும்பத் திரும்பத் தொடுமாதலால், சுற்றைச் சற்று நீட்டினால் லைனில் போகும் சுமை குறையும். அதே அளவுக்கு, விபத்து நேர்ந்தால் இழக்கக்கூடிய நேரமும் கூடும்.

பணம் செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. டேட்டாபேஸின் தற்காலிகக் கோப்புகள், சர்வரின் ஸ்வாப் பகுதி (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்), அதே டிஸ்க்கில் எடுத்து வைக்கும் பேக்கப் கோப்புகள் ஆகியவை நகலாகும் வால்யூமில் இருந்தால் அவற்றை வேறு வால்யூமுக்கு மாற்றுங்கள். கோயம்புத்தூரில் யாருக்கும் வேண்டாத தரவு உங்கள் கேஷை அடைத்துக்கொண்டிருக்கலாம். மறுமுனையையும் பாருங்கள்: பழைய ஸ்டோரேஜை நகலுக்கு ஒதுக்குவது வழக்கம், அதன் டிஸ்க்குகள் மெதுவாக எழுதினால் அங்குள்ள கேஷ் முதலில் நிறையும், அனுப்பிய தரவுக்கு ஒப்புதல் வராது, ஒப்புதல் வராத தரவை இங்குள்ள கேஷ் விடுவிக்காது. கோளாறு அங்கே இருக்க, இங்கே நினைவகம் வாங்கிப் பயனில்லை.

தேங்கிய 99 ஜி.பி., வட்டி வேலை முடிந்து எழுத்து நொடிக்கு 2 எம்.பி.யாகக் குறைந்தால், ஏறக்குறைய 2 மணி 40 நிமிடத்தில் வடியும். அதற்கிடையே நகல் அதிகபட்சமாக ஏறக்குறைய 2 மணி 12 நிமிடம் வரை பின்தங்கியிருக்கும். மாதத்தில் ஒரு நாள் அந்த இடைவெளியை உங்கள் நிறுவனம் ஏற்குமா என்பதை நிர்வாகம் முடிவு செய்ய வேண்டும். ஏற்காது என்றால் லைனைப் பெரிதாக்குவதே வழி.

கேள்வி: தரவு மறுமுனையில் எழுதப்பட்ட பிறகே ‘எழுதியாயிற்று’ என்று சொல்லும் முறையில் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு நகல் வைக்கலாமா? அப்போது கேஷ் தேங்காது அல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தேங்காது, ஆனால் உங்கள் சர்வர் காத்திருக்கும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோநொடி ஆகும். 300 கிலோமீட்டர் என்றாலே போய்வர 3 மில்லிநொடி; வழியிலுள்ள கருவிகளின் தாமதம் தனி. ஒவ்வொரு எழுத்துக்கும் இவ்வளவு காத்திருந்தால் கவுன்ட்டரில் நிற்பவர்கள் உணர்வார்கள். திருச்சிவரை இந்த முறை பொருந்தும். ஆயினும் ஒரே புயல் இரண்டு ஊர்களையும் தொடக்கூடிய பகுதியில் நாம் இருப்பதால், தொலைவிலும் ஒரு நகல் வேண்டும்.

கேள்வி: புயலால் லைன் மூன்று நாள் அறுந்திருந்து பிறகு வந்தது. நகல் மீண்டும் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் இங்கே மின்சாரம் போய்விட்டது. நகலைத் திறந்து பார்த்தால் டேட்டாபேஸ் எழவில்லை. மூன்று நாள் பழைய நகலாவது கிடைத்திருக்க வேண்டாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கிடைத்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம். அவ்வளவு நாளின் எழுத்தை எந்தக் கேஷும் தாங்காது. அப்போது ஸ்டோரேஜ் வரிசையைக் கைவிட்டு, எந்தெந்த இடங்கள் மாறின என்பதை மட்டும் பிட்மேப் என்னும் சிறு குறிப்பில் வைத்துக்கொள்கிறது. லைன் வந்ததும் மாறிய இடங்களை, எழுதப்பட்ட வரிசைப்படி அல்லாமல், கைக்கு வந்தபடி அனுப்புகிறது. அந்த வேலை முடியும்வரை மறுமுனையில் இருப்பது பாதி புதியதும் பாதி பழையதுமான கலவை. உங்களுக்கு நேர்ந்தது இதுவே.

இனி லைன் திரும்பியதும், ஒத்திசைவை (மாறிய இடங்களை அனுப்பி இரு முனைகளையும் ஒன்றாக்கும் வேலையை) தொடங்கும் முன், மறுமுனையில் பழைய நகலுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே காத்து வைக்கும் பதிவு) எடுத்துவிடுங்கள். ஒத்திசைவு முழுமையடைந்து, சுற்று முறை திரும்பிய பிறகே அதை நீக்குங்கள். தானாகத் தொடங்கும் அமைப்பு இருந்தால் அதை நிறுத்திவையுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு ஒருவர் கையால் தொடங்கட்டும்.