சாமி இருக்கும் காட்டை விட்டுப் போகச் சொன்னால்…

கேள்வி: எங்கள் ஊர் புலிகள் காப்பகத்தின் உள்பகுதியில் இருக்கிறது. வெளியேறினால் குடும்பத்துக்கு 15 லட்சம் தருவதாகச் சொல்லி, சில வீடுகளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். எங்கள் தெய்வமும் முன்னோரைப் புதைத்த இடமும் இந்தக் காட்டுக்குள்தான். "எங்க சாமி இங்கே இருக்கு" என்று சொன்னால் எடுபடுமா?

பதில்: எடுபடும். ஆனால் வாய்ப்பேச்சாக இருக்கும்வரை அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கிராம சபைத் தீர்மானமாகவும் உரிமைக் கோரிக்கையாகவும் எழுத்தில் ஏறினால்தான் அதற்குப் பலம்.

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டச் சுரங்கம் வந்தபோது டோங்கிரியா கோந்த் என்ற பழங்குடி மக்கள் சொன்னதும் நீங்கள் சொல்வதைத்தான். அந்த மலை அவர்களுக்குத் தங்கள் தெய்வமான நியாம் ராஜா குடியிருக்கும் இடம். அவர்களுடைய வழிபாட்டு உரிமையைச் சுரங்கம் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராயகடா மாவட்டத்தில் 7, காளஹாண்டி மாவட்டத்தில் 5 என 12 ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டுமே சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.

அது சுரங்கம், உங்களுடையது புலிகள் காப்பகம். ஆனால் கிராம சபையைத் தாண்டிப் போக முடியாது என்பது இங்கும் பொருந்தும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வி பிரிவுப்படி, மக்கள் தாமாக ஒப்புக்கொண்டால்தான் இடமாற்றம். அதற்கு முன்பு உங்கள் வன உரிமைகளை அங்கீகரித்து முடித்திருக்க வேண்டும். அதே காட்டில் நீங்களும் புலியும் சேர்ந்து வாழ வழியே இல்லை என்று அரசு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். கிராம சபையின் சம்மதமும் வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களின் சம்மதமும் வேண்டும். சில வீடுகளில் வாங்கிய கையெழுத்து ஊரின் சம்மதம் ஆகாது. உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் 4(5) பிரிவில் சொல்கிறது.

இனி உங்கள் சாமிக்கு வருகிறேன். வன உரிமை விதிகளில் 13-ஆம் விதி, எவையெல்லாம் சான்று என்று பட்டியலிடுகிறது. பழைய கிணறு, புதைகாடு, புனித இடம் ஆகியவை அதில் பெயரோடு இருக்கின்றன. கோரிக்கை வைக்காத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வாங்கினால் அது தனிச் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்பதால் இவ்விரண்டும் சேர்ந்தாலே உங்கள் கோரிக்கை காலூன்றி நிற்கும். பட்டா இல்லையே, ரசீது இல்லையே என்று கலங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. நான் பார்த்த ஒரு மனுவில் "இங்கே கோயில் உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் கோபுரமும் சுவரும் தேடிவிட்டு "கோயில் இல்லை" என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். மரத்தடியில் மஞ்சள் பூசிய மூன்று கல் இருந்தது. அதுதான் கோயில் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. ஆகவே கல், மரம், ஊற்று, புதைத்த இடம் ஒவ்வொன்றையும் உங்கள் ஊர் வழங்கும் பெயரிலேயே எழுதுங்கள். எந்தக் குலத்துக்கு உரியது, யார் பூசை வைப்பது, எந்த மாதம், எந்த வழியாகப் போவது என்பதும் வேண்டும். முதியவர்களை முன்னால் நடக்கவிட்டு, இளைஞர்கள் கைபேசியில் இடத்தைக் குறித்து வரைபடம் போடலாம்.

கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலையில் சோளகர் பழங்குடிகள் இப்படித்தான் செய்தார்கள். தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என்று ஒவ்வொரு குலத்தின் எல்லைக்குள்ளும் உள்ள ஐந்து வகைப் புனித இடங்களை நடந்தே குறித்தார்கள். கல்லுகுடி என்பது இறந்தவர்களுக்கான கல், அப்பி என்பது ஊற்று. அங்கே புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011-இல் சமூக வன உரிமை, அதாவது ஊர் முழுவதற்கும் பொதுவான வன உரிமை, கிடைத்தது. அவர்கள் இன்றும் அந்த மலையில்தான் இருக்கிறார்கள்.

வழிபாட்டு உரிமையை வன உரிமை விதிகளில் உள்ள 'பி' படிவத்தில், பிற மரபுரிமைகள் என்ற இடத்தில் கேளுங்கள். காட்டை நிர்வகிக்கும் உரிமைக்கு 'சி' படிவம். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

கூட்டம் உங்கள் குடியிருப்பு அளவில் நடக்கட்டும். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் தீர்மானம் செல்லாது. தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள், வெற்றுத்தாளில் யாரும் போட வேண்டாம்.

15 லட்சம் வாங்கிக்கொண்டு போக நினைக்கும் குடும்பங்களை ஊர் பகைக்கக் கூடாது, அது அவர்கள் உரிமை. ஆனால் போகும் இடத்தில் நிலமும் வசதிகளும் தயாராகும்வரை அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்வதையும், வருடத்துக்கு ஒருமுறை பூசைக்குத் திரும்பி வருவதற்கான உரிமையைக் கிளம்பும் முன்பே எழுதி வாங்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். கர்நாடகத்தின் நாகரஹொளே புலிகள் காப்பகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஜேனு குருபர் பழங்குடிகளில் சுமார் 50 குடும்பங்கள், தெய்வங்களும் முன்னோரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லி 2025 மே மாதம் காட்டுக்குள் திரும்பி நடந்தார்கள்.