பதில்: சேலத்தில் மிதந்த ஏர்ஷிப் ஏற்காட்டில் ஏன் எழும்பவில்லை?

தம்பி, மோட்டாரை மாத்தாதீங்க, கோளாறு அதுல இல்லை. சேலத்தில் மிதந்த உங்க ஏர்ஷிப்போட (வாயுப் பையால் மிதந்து மோட்டாரால் நகருற ஊர்தி) 3 கன மீட்டர் ஹீலியம் பை, ஏற்காட்டில் புதுசா நிரப்பியும் தரையை விட்டு எழவில்லைன்னா காரணம் காற்றுதான். ஏற்காட்டின் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், தூக்குவிசையும் அதே அளவு குறையும், அதாவது உங்களுக்குச் சுமார் 300 கிராம் போச்சு. பேட்டரியைச் சின்னதாக்குங்க, இல்லைன்னா பையைப் பெரிசாக்குங்க. காலைப் பனி படிஞ்சிருந்தா துடைச்சிடுங்க, அதுவும் எடைதான்.

சேலத்திலேயே விறைப்பா நிரப்பி வேனில் ஏத்துற யோசனை மட்டும் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கிறதுக்குள்ள வாயு விரிஞ்சு தையல் பிரிஞ்சிடும். பெரிய ஏர்ஷிப்களில் இதுக்காகவே உள்ளே தனிக் காற்றுப்பை இருக்கும். மேலே போகும்போது அதிலிருந்து காற்றை விடுவாங்க, இறங்கும்போது திரும்ப அடைப்பாங்க, வெளி உறை தொய்யாது. தொய்ஞ்சா என்ன ஆகும்? 1901 ஆகஸ்டில் பாரிஸில் பிரேசில் நாட்டு வான்பயண முன்னோடி சாண்டோஸ் டுமோனின் ஏர்ஷிப்பில் வாயு கசிஞ்சு, உறை தளர்ந்து, தொங்கின கம்பிகள் ப்ரொப்பெல்லரில் சிக்கி, ஒரு ஹோட்டல் கூரை மேல விழுந்தார். ஆள் தப்பிச்சு, அக்டோபரில் அடுத்த ஏர்ஷிப்பில் ஐஃபல் கோபுரத்தைச் சுத்தி வந்துட்டார்!

உங்க பையை விரலால் அழுத்திப் பாருங்க, குழி விழுந்து அப்படியே நின்னா அழுத்தம் பத்தலை.