சொந்தக்காரரிட பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை: சட்டம் என்ன சொல்லுது?

(மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் பதில்கள்; கேட்டவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

களுவாஞ்சிக்குடி: மிஸ், அக்கா குவைத்தில. அவட மகள் என்னோடதான். ஜே.பி. (சமாதான நீதவான்) கடிதம் போதுமா?

பதில்: போதாது மகள். நீங்க சொன்னதை ஜே.பி. உறுதிப்படுத்துறார், அவ்வளவுதான். பிள்ளையில உரிமை அதால வராது. தகப்பன் நாளைக்கு வந்து கேட்டா என்ன செய்வீங்க? பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்க. பிள்ளைக்குப் பராமரிப்போ பாதுகாப்போ இல்லையெண்டா, 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் விரும்பிப் பொறுப்பெடுக்கிற சொந்தக்காரரிட்ட நீதவான் ஒப்படைக்கலாம். உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தா பயப்படாதீங்க. பிள்ளையோட தனியா பேச விடுங்க, பக்கத்தில நிண்டு பதில் சொல்லிக் குடுக்காதீங்க. அவளுக்கு 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். சின்னப் பிள்ளையளைப் பார்க்கவெண்டு வீட்டில மறிக்கிறதும் தப்பு.

திருக்கோவில்: வளர்ப்பு மகனுக்குக் காணியில பங்கு வருமா?

பதில்: சும்மா வளர்த்தா வராது. நீதிமன்றத்தில தத்தெடுத்திருந்தா வரும். இல்லாட்டி நொத்தாரிசிட்ட நன்கொடை உறுதி எழுதுங்க.

அக்கரைப்பற்று: தத்தெடுக்க மார்க்கத்தில இடமில்லையாம்?

பதில்: அதை மௌலவியிட்ட கேளுங்க.

வாழைச்சேனை: பிறந்தவுடனே எங்கட பேரைத் தாய் தகப்பனாப் பதிஞ்சா லேசுதானே?

பதில்: எத்தனை தரம் சொல்ற? பொய்ப் பதிவு குற்றம். 1941ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இருக்கு, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்க. பத்து வயது தாண்டின பிள்ளையிட சம்மதமும் வேணும்.

வாழைச்சேனை: எங்கட ஊரில நிறையப் பேர் செய்திருக்காங்க, ஒண்டும் நடக்கல்லையே.

ஏறாவூர்: ஓம், நீதிமன்றத்துக்கு அலையிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பதில்: அலைச்சல்தான், நானும் மறுக்கல்ல. ஆனா பெத்த தாய் பிறகு திரும்பி வந்தா? சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில 81ஆம் இலக்கம் எண்டு சொன்ன குழந்தையிட தாய் தகப்பன் ஆரெண்டு வழக்கு நடந்ததே. 2005இல் மரபணுச் சோதனை செய்த பிறகுதான் நீதிமன்றம் பெத்தவங்களிட்ட குடுத்தது. உங்கட பொய்யையும் அந்தச் சோதனை ஒருநாள் பிடிக்கும். அப்ப பிள்ளையிட முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவீங்க?

ஏறாவூர்: அப்ப நீதிமன்றத்தில கெதியா முடிச்சுத் தரச் சொல்லுங்க.

பதில்: அதை நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கன்.

செங்கலடி: ஜே.பி. கடிதம் எடுத்தா...

பதில்: முதல் பதிலை வாசிங்க.

பொத்துவில்: பக்கத்து வீட்டில வளர்க்கிற பிள்ளைக்கு அடி விழுது. சொன்னா பகை வரும்.

பதில்: 1929க்கு இப்பவே போன் அடிங்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட இலக்கம் அது. பகையைப் பிறகு பார்க்கலாம்.