நிறம் ஏறிய பழைய ப்ரூஃப் வெள்ளி நாணயங்கள் மும்பையில் எங்கே கிடைக்கும்?

யூடியூபில் வானவில் நிறக் காசு எதையாவது பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் அந்தப் பைத்தியம்தான். ஆனால் எனக்கு அது பிடித்தது மாட்டுங்கா வீட்டு அலமாரியில்.

அப்பாவிடம் காந்தி நூற்றாண்டுக்கு 1969-இல் வந்த பத்து ரூபாய் இருந்தது. பம்பாய் நாணயசாலை ப்ரூஃப், அதாவது சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடித் தளத்தோடு அடித்த காசு. 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. காசில் 1869-1948 என்றுதான் இருக்கும். அதைக் காட்டி 1948 காசு என்று விற்கப் பார்ப்பவர்களும் உண்டு, ஏமாறாதீர்கள். ஆண்டுக்குக் கீழே 'B' எழுத்து இருந்தால் ப்ரூஃப், வைர வடிவக் குறி இருந்தால் பம்பாயில் அடித்த சாதாரணக் காசு.

அப்பா அதை அட்டைப் பெட்டியில் போட்டு, முப்பது வருஷம் தொடவே இல்லை. அவர் போன பிறகு திறந்தேன். நடுவில் கண்ணாடி போல வெள்ளி, அப்புறம் வைக்கோல் மஞ்சள், அதைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறம், விளிம்பில் மயில்கழுத்து நீலம். அட்டையிலும் காற்றிலும் இருக்கிற கந்தகம் வெள்ளியில் மெல்லிய படலமாகப் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும், மழைநாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் மாதிரி. ரொம்பத் தடித்தால் வெறும் கறுப்பு.

அந்தப் பொங்கலுக்குத் திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்திருந்தாள். நான் ஆபீஸ் போன நேரத்தில் வெள்ளி விளக்கு, குங்குமச் சிமிழோடு அந்தக் காசையும் விபூதி போட்டுத் துலக்கிவிட்டாள். "அண்ணன் காசு கறுத்துக் கிடந்துச்சுடா, பளபளன்னு ஆக்கிட்டேன்" என்று கையில் கொடுத்தாள். கண்ணாடித் தளம் முழுக்க மயிரிழைக் கீறல். "நல்லா இருக்கு அத்தை" என்றேன். வேறென்ன சொல்வது?

அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பழைய சாமான் சந்தையான சோர் பஜாருக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலைகளில் அலைந்தேன். ஒருநாள் கிடைத்தது. ரோஸ், பச்சை, நீலம் என்று ஒரே கொண்டாட்டம். வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறங்களுக்கு வரிசையே இல்லை, மஞ்சளைக் காணோம், நீலம் நடுவில் திட்டாக நிற்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் அழுகின முட்டை வாடை. கந்தக மருந்தில் முக்கியெடுத்த காசு. திரும்பப் போய்க் கேட்டதற்கு "நேச்சுரல் ஹை சாப்", இயற்கை நிறம்தான் சார், என்றார் வியாபாரி. எல்லா வியாபாரியும் அப்படி என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பார்க்கத் தெரியாமல் வாங்கியது என் தப்பும்தான்.

அதனால் நிறத்தைத் தேடிப் போகாதீர்கள். பெரியவர்கள் வீட்டில் நாணயசாலைப் பெட்டியோடு கைபடாமல் கிடக்கும் செட்டைத் தேடுங்கள். கடையில் என்றால் சின்ன டார்ச் எடுத்துப் போய்க் காசைச் சாய்த்துப் பாருங்கள். நிறத்துக்கு அடியில் கண்ணாடி மின்ன வேண்டும். மங்கிக் கிடந்தால் விட்டுவிடுங்கள். விக்டோரியா ராணி காலத்து ப்ரூஃப் என்று யாராவது நீட்டினால் இன்னும் ஜாக்கிரதை. பழைய அச்சில் பின்னாளில் நாணயசாலையே அடித்துக் கொடுத்த மறு அச்சுகள் நிறைய உண்டு. அவையும் சேகரிக்கத்தக்கவைதான், விலைதான் வேறு.

வாங்கியதைப் பிவிசி உறையில் வைக்காதீர்கள், பச்சைப் பிசுக்கு வரும். ஈரமும் ஆகாது. என் அலமாரிச் சுவரில் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் மூன்று வருஷமாகக் கசிகிறது. சொசைட்டி மீட்டிங்கில் சொன்னால் அது உங்கள் இரண்டு பேர் விஷயம் என்கிறார்கள். மெயின்டனன்ஸ் பணம் ஒருநாள் தள்ளிப் போனால் மட்டும் நோட்டீஸ் கதவிடுக்கில் வந்துவிடுகிறது. பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை மாற்றியே என் காசு கரைகிறது.

அத்தை துலக்கிய காசும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. விளிம்பில் இப்போது லேசாக மஞ்சள் கட்ட ஆரம்பித்திருக்கிறது. விற்பனைக்கு இல்லை, தனிச்செய்தியில் கேட்காதீர்கள்.