பெரிதாகத் தெரிந்தால் ஃபோகஸ் சரியாக விழுமா?

கேமரா கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேனுவல் ஃபோகஸ் பற்றியவை. பழைய லென்ஸ்களை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுகிறவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

“அக்கா, நான் பெயின்டர் வேலை பார்க்கிறேன். செகண்ட்ஹேண்டில் நிக்கான் டி7000 வாங்கினேன். மாமா கொடுத்த பழைய 50 எம்.எம். எஃப்/1.4 ஏஐ வகை மேனுவல் லென்ஸைப் போட்டு, பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து எடுத்தேன். வியூஃபைண்டரில் எல்லாமே ஷார்ப்பாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் பாதிக்கு மேல் அவுட். வியூஃபைண்டரில் படத்தைப் பெரிதாகக் காட்டும் ஐகப் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?”
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

வாங்கலாம் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் காசு வேண்டாம்.

“வியூஃபைண்டரில் எல்லாமே ஷார்ப்பாகத் தெரிந்தது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் கேமராவில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் கொண்டுவரும் படத்தை நேரடியாக அல்ல. அது உள்ளே இருக்கும் ஃபோகஸிங் ஸ்கிரீன் மேல் விழுகிறது. அந்த ஸ்கிரீனைத்தான் பார்க்கிறீர்கள். ஆட்டோஃபோகஸ் வந்த பிறகு இந்த ஸ்கிரீன்களை எஃப்/3.5, எஃப்/5.6 என்று வெளிச்சம் குறைவாக விடும் ஜூம் லென்ஸ்களுக்கும் வெளிச்சமாகத் தெரியும்படி செய்தார்கள். அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், லென்ஸ் எஃப்/1.4 ஆக இருந்தாலும் ஸ்கிரீன் ஏறக்குறைய எஃப்/2.8 அளவு மங்கலைத்தான் காட்டும். படத்தில் அவுட்டாகப் போகிற காது, ஸ்கிரீனில் ஷார்ப்பாக இருப்பதுபோல் தெரியும்.

இதை நீங்களே சோதிக்கலாம். கேமராவை எம் மோடில் வைத்து, லென்ஸின் துளையை மாற்றும் அபெர்ச்சர் ரிங்கை எஃப்/2-க்குத் திருப்புங்கள். லென்ஸ் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் பிரிவ்யூ பட்டனை அமுக்கிக்கொண்டே வியூஃபைண்டரில் பாருங்கள். வெளிச்சமும் பெரிதாகக் குறையாது, பின்னால் இருக்கும் மங்கலும் மாறாது. எஃப்/4-க்கு வந்த பிறகுதான் உள்ளே இருட்டு கட்டும். ஒரு முறை இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அந்த ஸ்கிரீனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது மனதில் நின்றுவிடும்.

இனி ஐகப்புக்கு வருவோம். அது ஸ்கிரீனில் இருப்பதைப் பெரிதாக்கும். ஸ்கிரீனில் இல்லாததைக் கொண்டுவராது. உங்கள் கேமராவுக்கு நிக்கான் செய்தது டிகே-21எம், 1.17 மடங்கு. உங்கள் வியூஃபைண்டர் 0.95 மடங்கு. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது, ஆனால் சென்சார் சின்னது என்பதால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் பார்க்க 1.5-ஆல் வகுக்க வேண்டும். 0.63 வரும். ஐகப்பை மாட்டினால் 0.74. என் அப்பா எங்கள் மீனாட்சிபுரம் ஸ்டுடியோவில் வைத்திருந்த நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவில் அது ஐகப் இல்லாமலேயே 0.86. அதோடு நடுவில் ஒரு வட்டம் இருக்கும். பெண்ணின் புடவைக் கரையை அதில் வைத்தால் கரை இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும். ரிங்கைத் திருப்பத் திருப்ப இரண்டு துண்டும் நகர்ந்து வந்து ஒட்டும், ஒட்டியதும் பட்டனை அமுக்கலாம். மாமாவின் லென்ஸ் அப்படிப்பட்ட ஸ்கிரீனுக்காகச் செய்தது. இப்போது அது வேறு வீட்டில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். லென்ஸில் குறை இல்லை.

முதலில் கண்ணைச் சரிசெய்யுங்கள். வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்ன டயாப்டர் சக்கரம் இருக்கும். பெரும்பாலானவர்கள் எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்புகிறார்கள். அது தவறு. வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக் கேமராவைப் பிடித்து, லென்ஸை வேண்டுமென்றே அவுட் ஆக்கிவிடுங்கள். இப்போது கண் பிடித்துக்கொள்ள ஸ்கிரீனில் இருக்கும் ஃபோகஸ் பாயின்ட் கட்டங்கள் மட்டும்தான் மிச்சம். அந்தக் கோடுகள் கறுப்பாக, மெல்லியதாக வரும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். முறைத்தால் கண் தானே அட்ஜஸ்ட் செய்துகொண்டு பொய் சொல்லும். இரண்டு நொடி பாருங்கள், தூரத்தில் ஒரு தென்னையைப் பாருங்கள், மறுபடி பாருங்கள். ஐகப் மாட்டிய பிறகு இதை இன்னொரு முறை செய்ய வேண்டும், ஏனென்றால் நடுவில் புதிதாக ஒரு லென்ஸ் வந்திருக்கிறது.

இரண்டாவது, எஃப்/1.4-ஐ விட்டு எஃப்/2.8-க்கு வாருங்கள். 2 மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸில், இந்தக் கேமராவில், எஃப்/1.4-க்கு ஷார்ப்பாக விழும் ஆழம் ஏறக்குறைய 9 செ.மீ. ஒரு உள்ளங்கை அகலம். கூத்துக்காரர் மூச்சு விட்டால் போய்விடும். எஃப்/2.8-ல் அது 18 செ.மீ. அதைவிட முக்கியம், எஃப்/2.8-ல் ஸ்கிரீன் காட்டுவதும் படத்தில் விழுவதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஐகப் கொடுக்கும் அந்த 17 சதவீதம் அப்போதுதான் முழுசாகப் பயன்படும். குறைகிற வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். மணல்போல் வரும் நாய்ஸை மன்னித்துவிடலாம், அவுட்டான முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கூத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, நானும் அந்தக் கூத்துமாடங்களின் முன் பல இரவு உட்கார்ந்தவள். திரைக்குப் பின்னால் 21 தேங்காய்மூடி விளக்குகள் வரிசையாக எரிய, கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி விடிய விடிய ஆட்டுவார்கள். எதிரே ஆளே இல்லாத நாளிலும் பகவதி பார்க்கிறாள் என்று நடக்கும். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்துத்தான் ஆட்டுகிறார்கள். அதனால் ராமன் வந்தாலும் ராவணன் வந்தாலும் நீங்கள் ஃபோகஸ் வைக்க வேண்டிய இடம் அதே துணிதான். பாவையின் உடம்பில் நகைக்கும் உடைக்கும் பொடிப்பொடியாக ஓட்டை குத்தியிருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டையும் ஊசிமுனை வெளிச்சம். ஃபோகஸ் தள்ளியிருந்தால் அந்தப் புள்ளிகள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரிங் சரியான இடத்துக்கு வரும்போது தனித்தனியாகப் பிரிந்து சின்னதாகும். அந்த இடத்தைத் தாண்டிப் போய், புள்ளிகள் மறுபடி ஊதுவதைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி வாருங்கள். இந்த வேலைக்காகத்தான் நானே ஐகப் வாங்கினேன். பிரிந்து நிற்கும் புள்ளிகள் அதில் எனக்கு நன்றாகத் தெரிகின்றன. கிடைத்த இடத்தில் ரிங் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் இருந்தால் போதும்.

திரைக்குப் பின்னால் போய் எடுக்கக் கலைஞர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அங்கே ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், டேப் உதவாது. ஃபோகஸ் விழுந்ததும் வியூஃபைண்டரில் கீழே எரியும் பச்சைப் புள்ளியின் துணை வேண்டும். அந்தப் புள்ளி ரிங்கின் ஒரே ஒரு இடத்தில் எரிவதில்லை, கொஞ்ச தூரம் எரிந்துகொண்டே இருக்கும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து திருப்பி வந்து பழகினால் உங்கள் கேமராவில் அந்தத் தூரத்தின் எந்தப் பகுதியில் ஷார்ப் விழுகிறது என்று கை கண்டுபிடித்துவிடும். மெனுவில் நான்-சிபியு லென்ஸ் டேட்டா என்ற இடத்தில் 50, 1.4 என்று பதிந்துவிட்டால் மீட்டரும் சரியாக வேலை செய்யும்.

“மிரர்லெஸ் கேமராவுக்கும் இப்படிப் பெரிதாக்கும் ஐகப் தேவையா?”
*வாசகி, குமுளி*

தேவையில்லை. உங்கள் வியூஃபைண்டருக்குள் இருப்பது ஒரு குட்டித் திரை. வேண்டிய இடத்தை ஒரு பட்டனில் பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். சென்சாரில் விழுவதையே அது காட்டுவதால், மேலே சொன்ன ஸ்கிரீன் தொந்தரவும் கிடையாது. ஓரங்களில் கலர் கோடு போட்டுக் காட்டும் பீக்கிங்கை மட்டும் முழுசாக நம்பாதீர்கள், அது தாராளமாகக் கோடு போடும். ஒன்று மட்டும் கவனம் சகோதரி. ஜீப்பிலோ பஸ்ஸிலோ வியூஃபைண்டர் கண்ணாடியில் வெயில் நேராக விழும்படி கேமராவை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் லென்ஸ் வெயிலைக் குவித்து அந்தத் திரையைப் பொசுக்கிவிடும்.

“ஐகப் மாட்டியதிலிருந்து ஷட்டர் எண்கள் தெரியவில்லை, மூலைகளும் வெட்டுப்படுகின்றன. நான் கண்ணாடி போடுகிறவன், வயது 58. கல்யாண வேலைக்கு இது ஒத்துவருமா?”
*வாசகர், செங்கோட்டை*

ஐயா, உங்கள் கல்யாண வேலைக்கு ஒத்துவராது என்றுதான் சொல்வேன். படம் பெரிதாகும்போது அதை முழுசாகப் பார்க்கக் கண் இன்னும் கிட்டே போக வேண்டும். மூக்குக்கண்ணாடி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. மூலை தெரியாமல் குடும்ப குரூப் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா பாதிதான் வருவார். அதை அந்த வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு டயாப்டரில் சரிசெய்ய முடிகிறதா பாருங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் குறை ஒரு அளவு வரை அதில் அடங்கும். சிலிண்டர் பவர் இருந்தால் அடங்காது. அப்படியென்றால் மண்டபத்தில் சாதாரண ஐகப்போடு ஆட்டோஃபோகஸில் எடுங்கள். பெரிதாக்கும் ஐகப்பைப் பையில் வைத்திருந்து, நகை, மருதாணிக் கை என்று கிட்டத்தில் நிதானமாக எடுக்கும்போது மாட்டுங்கள். அங்கே மூலை முக்கியமில்லை, நடுவில் இருக்கும் ஒரு கல்தான் முக்கியம். ரிங்கைவிட உடம்பை முன்னும் பின்னும் ஒரு நூல் அசைத்து ஃபோகஸ் பிடிப்பது அந்தத் தூரத்தில் சுலபம்.

“ஐகப் வாங்கினேன், டயாப்டரும் சரி. மேனுவலில் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் படத்தில் காது ஷார்ப்பாக இருக்கிறது. ஆட்டோஃபோகஸில் எடுத்தால் சரியாக வருகிறது. என் கை பிழையா?”
*வாசகர், களியக்காவிளை*

உங்கள் கை பிழை இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தள்ளி விழுந்தால் ஸ்கிரீனைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்கிரீனும் சென்சாரும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஸ்கிரீன் தாளளவு ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ நீங்கள் பார்ப்பது ஒன்று, விழுவது வேறு. ஆட்டோஃபோகஸுக்கு வழி தனி என்பதால் அது சரியாக வேலை செய்யும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. தூசி தட்டக் கொடுத்த ஒரு கேமராவில் ஸ்கிரீனைக் கழற்றியவர்கள், அதன் மேலே இருக்கும் மெல்லிய பித்தளைச் சட்டத்தை வைக்க மறந்துவிட்டார்கள். அது தெரியாமல் கொல்லங்கோட்டில் ஒரு குழந்தைக்குச் சோறூட்டும் நிகழ்ச்சியை எடுத்தேன். உருளியில் இருந்த சோறு மங்கல், குழந்தையின் கண் மங்கல், பின்னால் பாட்டியின் முண்டுக் கரை மட்டும் கத்திபோல். அந்த வீட்டுக்காரர்களிடம் படத்தைக் காட்டிய நாளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்தச் சடங்கு இரண்டாம் முறை நடக்காது.

சோதனை சுலபம். செய்தித்தாளை மேசையில் விரித்து, நடுவில் ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டிச் சாய்வாகப் பார்க்க வைத்து, அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, கண்ணாலேயே அந்த வரியில் ஃபோகஸ் வைத்து ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ரிங்கைக் கலைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பிறகு பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் பெரிதாக்கி அதே வரியில் ஒரு படம். ஐந்தும் ஒரே பக்கம் விலகி, லைவ் வியூ படம் மட்டும் சரியாக வந்தால், ஸ்கிரீனின் உயரத்தைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி விலகினால் அது பழக்கம் போதாதது, பழகினால் போகும்.

“பழவேற்காட்டில் பூநாரைகளை 500 எம்.எம். எஃப்/8 மிரர் லென்ஸில் எடுக்கிறேன். பழைய ஃபிலிம் கேமராவில் நடு வட்டத்தில் பாதி கறுப்பாகிவிடுகிறது. ஐகப் போட்டால் தெரியுமா?”
*வாசகர், ஆரம்பாக்கம்*

தெரியாது. அந்தப் பிளவு வட்டம் எஃப்/5.6-ஐத் தாண்டிச் சின்னத் துளைக்குப் போனாலே கறுக்கத் தொடங்கும், எஃப்/8-ல் உதவவே உதவாது. ஐகப் அந்தக் கறுப்பையும் பெரிதாக்கும். வட்டத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள சாதாரண மேட் பகுதியில் பாருங்கள். பறவையின் கால் தண்ணீரைத் தொடும் கோட்டில் ஃபோகஸ் வைத்தால் சுலபமாகப் பிடிபடும். அந்தப் பகுதியில் பார்க்க ஐகப் கொஞ்சம் உதவும். அதே லென்ஸை லைவ் வியூ உள்ள டிஜிட்டல் பாடியில் மாட்டி, ஸ்டாண்டில் வைத்துப் பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அதைவிட நல்லது.

ஏரியின் மேல் வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேலே காற்று நெளியத் தொடங்கும். அப்போது எந்த ஃபோகஸும் நிற்காது, லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். விடியும்போதே படகுத்துறையில் இருங்கள், எட்டரை மணிக்கெல்லாம் பையை மூடிவிடுங்கள்.